நாவல்டி சாங்: புதுமையா, வேடிக்கையா?

பழைய அமெரிக்க வானொலிப் பாட்டுகளைத் தேடிக் கேட்பவர்களுக்கு ‘நாவல்டி சாங்’ பழகிய சொல். அகராதியில் நாவல்டிக்குப் ‘புதுமை’ என்றிருக்கும். உடனே ‘புதுமைப் பாடல்’ என்று எழுதிவிடுகிறோம். அங்கேதான் பொருள் நழுவுகிறது.

வேர்ச்சொல் லத்தீன் ‘நோவுஸ்’, அதாவது புதியது. பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது. நாம் சொல்லும் ‘நாவல்’ அதே குடும்பம். நாவலை ஒரு காலத்தில் ‘நவீனம்’ என்றார்களே, அதிலுள்ள வடமொழி ‘நவ’வும் இதற்குத் தூரத்து உறவு. ஆனால் ஆங்கிலக் கடைத்தெருவில் நாவல்டி என்றால் பொய் மூக்கு மாதிரி, பார்த்ததும் சிரிக்கவைக்கும் சில்லறைச் சாமான். பாட்டுப் பதிப்பகங்கள் குவிந்திருந்த நியூயார்க்கின் டின் பான் ஆலிப் பாட்டு வியாபாரிகள் எடுத்துக்கொண்டது இந்தப் பொருளைத்தான். காதல் பாட்டிலும் ஆட்டப் பாட்டிலும் சேராத கிறுக்குப் பாட்டெல்லாம் நாவல்டி. ‘ஆமாம்’ என்று தொடங்கி ‘வாழைப்பழம் இல்லை’ என்று முடிக்கும் பழக்கடைக்காரரின் பாட்டு 1923-இல் அமெரிக்காவையே ஆட்டிவைத்தது.

எனக்குப் பிடித்த வருடம் 1958. ராஸ் பக்தசாரியன் என்பவர் டேவிட் செவில் என்ற பெயரில் ‘விட்ச் டாக்டர்’ என்ற பாட்டை வெளியிட்டார். டேப்பைப் பாதி வேகத்தில் ஓடவிட்டு மெதுவாகப் பாடிப் பதிந்து, பிறகு முழு வேகத்தில் ஓட்டினார். குரல் ஒரு ஸ்தாயி ஏறிக் கீச்சிட்டது. நிமிடத்துக்கு 33 முறை சுழலவேண்டிய இசைத்தட்டை 45-இல் ஓடவிட்டுத் திட்டு வாங்கிய எனக்கு இந்த வித்தை நன்றாகப் புரியும்! அதே உத்தியில் வருடக் கடைசியில் மூன்று அணில்களைக் கிறிஸ்துமஸ் பாட்டுப் பாடவைத்தார். ஆல்வின், சைமன், தியோடோர் என்று அணில்களுக்கு வைத்ததெல்லாம் பாட்டை வெளியிட்ட லிபர்ட்டி ரெக்கார்ட்ஸ் நிறுவன ஆட்களின் பெயர்கள். இரண்டு பாட்டுமே அமெரிக்க இசைப் பத்திரிகையான பில்போர்டின் பட்டியலில் முதலிடம் பிடித்தன.

சரி, தமிழில் என்ன சொல்வது? ‘நகைச்சுவைப் பாடல்’ போதாது. இங்கே சொல்லைவிடச் சத்தம்தான் சிரிக்கவைக்கிறது. ‘விநோதப் பாடல்’ பரவாயில்லை, ஆனால் அதில் சிரிப்பு இல்லை. என் ஓட்டு ‘வேடிக்கைப் பாட்டு’க்கு. வேடிக்கை என்றால் கேலியும் உண்டு, நின்று பார்க்கவைக்கும் காட்சியும் உண்டு. வாணவேடிக்கை போலச் சட்டென்று அணைந்துவிடுவதும் பொருந்துகிறது. என்ன, 1962-இல் வந்த ‘மான்ஸ்டர் மாஷ்’ என்ற பூதப் பாட்டு மட்டும் அணையாமல் ஒவ்வொரு ஹாலோவீனுக்கும் திரும்பி வந்துகொண்டிருக்கிறது.