கார்ப்பெட்ல கொட்டின மெழுகும் பஜ்ஜி பேப்பரும்

தீபாவளிக்கு வாங்கின மெழுகு அகல்ல அஞ்சு மிச்சம் இருந்துச்சு. கார்த்திகை அன்னிக்குப் பார்த்தா நல்லெண்ணெய் தீர்ந்துபோச்சு, தேங்காய் எண்ணெய் டெல்லி குளிர்ல பாட்டில் கழுத்து வரைக்கும் கல்லா உறைஞ்சு கிடக்கு, சரி இருக்கற மெழுகு அகலையே ஏத்திடுவோம்னு ஜன்னல் ஓரமா வரிசையா வச்சேன். அரை மணி நேரம்கூட ஆகல, பையன் கர்ட்டன இழுத்தான், நல்லா உருகி குளம் கட்டி இருந்த ஒரு சிவப்பு அகல் அப்படியே கீழ. தீ பத்தல, அது மலை மந்திர் முருகன் புண்ணியம். ஆனா கீழ விரிச்சிருந்தது க்ரீம் கலர் கார்ப்பெட்.

கும்பகோணத்துக்கு போன் போட்டேன். அம்மா யோசிக்கவே இல்ல, "கொதிக்கக் கொதிக்க வெந்நீர ஊத்தி தேய்டா, தானா வந்துடும்"னுட்டாங்க. எதிர் வீட்டு பஞ்சாபி ஆன்ட்டி எட்டிப் பார்த்துட்டு ஐஸ் வைன்னாங்க. ஒருத்தர் சூடு, ஒருத்தர் குளிர், ஆனா ரெண்டு பேருமே பாதி சரி.

முதல்ல இந்த மெழுகுன்னா என்னன்னு பார்த்துடலாம். கடைல கிடைக்கற சாதா மெழுகுவர்த்தி பெரும்பாலும் பாரஃபின், அது பெட்ரோலியத்துலேர்ந்து வர்ற சமாச்சாரம். கேஸ் சிலிண்டர்ல இருக்கறது 3, 4 கார்பன் கோத்த குட்டிச் சங்கிலி, பெட்ரோல் கொஞ்சம் நீளம், டீசல் இன்னும் நீளம், மெழுகு 20லேர்ந்து 40 கார்பன் வரைக்கும் போகும், குடும்பம் ஒண்ணுதான். சங்கிலி நீளமாக ஆக ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கற இடம் ஜாஸ்தி, அதனாலதான் கேஸ் காத்தா இருக்கு, மெழுகு கட்டியா இருக்கு. இது தண்ணியோட சேரவே சேராது, சோப்புக்கும் இவ்ளோ பெரிய கட்டிய ஒண்ணும் பண்ண முடியாது. அதனால அம்மா சொன்ன வெந்நீர் மெழுக கரைக்காது, உருக்க மட்டும்தான் செய்யும். குத்துவிளக்குத் தட்டுன்னா உருகினது வழிஞ்சு ஓடிடும், பிரச்சனை இல்ல. கார்ப்பெட்ல ஓடறதுக்கு ஒரே வழிதான் இருக்கு, கீழ. அடில இருக்கற சணல் துணி, கோந்து வரைக்கும் இறங்கி அங்க போய் உறைஞ்சு உக்காந்துக்கும், அப்புறம் யார் வந்தாலும் எடுக்க முடியாது.

ஆன்ட்டி சொன்ன ஐஸ் எதுக்குன்னா, மெழுகு உருகறதுக்கு ரொம்ப முன்னாடியே, கட்டியா இருக்கும்போதே, உள்ள அந்தச் சங்கிலிங்க கொஞ்சம் ஆடி அசைய ஆரம்பிச்சிடும், அதனாலதான் வெதுவெதுப்பான மெழுகு நகத்தால அழுத்தினா சூயிங்கம் மாதிரி பள்ளம் விழுது. குளிர்ந்துச்சுன்னா அசைவு நின்னு போய் பொடிப்பொடியா உடையும். அது போக, உருகின மெழுகு உறைஞ்சு ஆறும்போது பத்து சதவீதத்துக்கும் மேல சுருங்கும் (எரிஞ்சு அணைச்ச மெழுகுவர்த்திக்கு நடுவுல குழி விழறது அதனாலதான்), அந்தச் சுருக்கத்துல நூல் மேல இருக்கற பிடி கொஞ்சம் தளரும். ஐஸ பிளாஸ்டிக் கவர்ல போட்டு பத்து நிமிஷம் மேல வச்சேன், அப்புறம் ஸ்பூன் முதுகால மெதுவா தட்டினா பட்டாணி பட்டாணியா உடைஞ்சு வந்துச்சு. கத்தி எடுக்காதீங்க, நூலும் சேர்ந்து வரும். வந்த தூள உடனே வேக்யூம் பண்ணிடணும், இல்லேன்னா கால்ல ஒட்டி வீடு பூரா போகும். எனக்கு முக்கால்வாசி இதுலயே வந்துடுச்சு. மிச்சம் இருக்கறதுதான் வில்லங்கம், நூலுக்குள்ள ஊறி உறைஞ்சது, அத எந்த ஸ்பூனும் தொட முடியாது.

இப்பத்தான் அம்மாவோட சூடு தேவைப்படுது, ஆனா தண்ணி இல்லாம. மேல பேப்பர் போட்டு அயர்ன் பாக்ஸ்னு நிறைய பேருக்குத் தெரியும், ஆனா பேப்பர் ஏன் இழுக்குதுன்னு கேட்டா "உறிஞ்சும்"னு சொல்லிட்டு விட்டுடுவோம்.

1860 கிறிஸ்துமஸ் சமயத்துல லண்டன் ராயல் இன்ஸ்டிட்யூஷன்ல மைக்கேல் ஃபாரடே சின்னப் பசங்களுக்கு வெறும் மெழுகுவர்த்திய வச்சே ஆறு லெக்சர் எடுத்தார். கீழ குளமா இருக்கற மெழுகு மேல இருக்கற தீ வரைக்கும் எப்படி ஏறுதுன்னு காட்டறதுக்கு, ஒரு தட்டுல உப்ப தூண் மாதிரி நிக்க வச்சு, தட்டுல நீலச் சாயம் போட்ட உப்புத்தண்ணிய ஊத்தினார். யாரும் தள்ளாம நீலம் உப்புக்குள்ள மேல மேல ஏறுச்சு. உப்புப் பரலுங்களுக்கு நடுவுல இருக்கற சின்ன சின்ன சந்துதான் காரணம். திரிலயும் அதேதான் நடக்குது. சந்து எவ்ளோ குறுகலோ அவ்ளோ இழுப்பு, அகலம் பாதியானா இழுப்பு ரெண்டு மடங்கு.

கார்ப்பெட் நூலுக்கு நடுவுலயும் சந்து இருக்கு, மெழுகு உள்ள போனதே அதனாலதான். ஆனா பேப்பர்ல நாருங்க நசுங்கி ஒண்ணு மேல ஒண்ணு படுத்திருக்கறதால அதோட சந்து இன்னும் பொடிசு. உருகின மெழுகு ரெண்டையும் ஒரே நேரத்துல தொட்டுச்சுன்னா பேப்பர் பக்கம்தான் போகும். சூடு மேலேர்ந்து வர்றது இன்னொரு வசதி, மேல இருக்கற மெழுகு உருகிக் கிடக்கும், அடில இருக்கறது இன்னும் கட்டியாவே நிக்கும், சோ உருகினதுக்கு கீழ வழி அடைச்சிருக்கு. ஆனா பெட்டிய ஒரே இடத்துல அமுக்கிப் புடிச்சீங்கன்னா அடி வரைக்கும் உருகி அந்த அடைப்பும் போயிடும், அதனால அஞ்சு செகண்ட் வை, எடு, பேப்பர நகத்து, மறுபடி வை.

ஹேர் டிரையர் போதாதான்னு என் வொய்ஃப் கேட்டா. உருக்கும், ஆனா இழுக்கறதுக்கு ஆள் இல்லையே, அதுவும் பேப்பர் இல்லாம ஊதினா மெழுகு அக்கம்பக்கத்து நூலுக்கும் பரவிடும்.

ஸ்டீம் மட்டும் கண்டிப்பா ஆஃப்ல இருக்கணும். ஈரமான பேப்பர்ல சந்து எல்லாத்துலயும் தண்ணி ஏற்கனவே குடிவந்துடும், மெழுகுக்கு இடம் இல்ல.

நான் பண்ண தப்பு வேற. பையனோட நோட்டுக்கு அட்டை போடற பிரவுன் பேப்பர் ரோல எடுத்துட்டு வந்து பத்து நிமிஷம் தேய்க்கறேன், ஒரு பொட்டு மெழுகு ஏறல. அப்புறம் வெளிச்சத்துல திருப்பிப் பார்த்தா ஒரு பக்கம் பளபளன்னு மின்னுது. இப்ப வர்ற ரோல்ல மேல மெல்லிசா பிளாஸ்டிக் பூசியிருக்கான், நான் அந்தப் பக்கத்த கீழ வச்சிருக்கேன்! நியூஸ்பேப்பர் நல்லா உறிஞ்சும், ஆனா க்ரீம் கலர்ல மை இறங்கிடும். கடைசில மளிகைக் கடை காக்கிக் கவரக் கிழிச்சு, அச்சு இல்லாத பக்கமா வச்சேன்.

முதல் தடவையே ரூபா அகலத்துக்கு ஒரு கண்ணாடிப் பொட்டு விழுந்துச்சு, பஜ்ஜி மடிச்ச பேப்பர் மாதிரியே. அதுக்கும் காரணம் இருக்கு. பேப்பர் நாரும் நடுவுல இருக்கற காத்தும் வெளிச்சத்த வேற வேற அளவுல வளைக்கும், அதனால வெளிச்சம் உள்ள போய் சிதறி, நமக்கு அந்தப் பக்கம் இருக்கறது தெரியாது. மெழுகோ எண்ணெயோ காத்தத் தள்ளிட்டு உக்காந்தா, அது வெளிச்சத்த வளைக்கற அளவு நாரோட அளவுக்குக் கிட்டத்தட்ட வந்துடும், சிதறல் குறையும், பேப்பர் கண்ணாடி மாதிரி ஆயிடும். சோ இதுவே மீட்டர். பொட்டு விழுதா, மெழுகு இன்னும் வருது, வேற இடத்துக்கு நகத்து. விழலயா, முடிஞ்சுது. எனக்கு பதினோரு துண்டு ஆச்சு.

சூடு எவ்ளோன்னு கேப்பீங்க. மெழுகுக்கு 50லேர்ந்து 65 டிகிரியே போதும், அயர்ன் பாக்ஸ் டயல்ல ஒரு புள்ளில வச்சாலே 110 டிகிரி வரைக்கும் போகும். அதத் தாண்டாதீங்க, ஏன்னா விலை கம்மியான கார்ப்பெட் நிறைய பாலிப்ரொப்பிலீன், அதாவது வாளி செய்யற அதே பிளாஸ்டிக், 160 டிகிரி சுமாருக்கு உருகிடும், அதுக்கு முன்னாடியே இளகி நூல் படுத்துக்கும். கம்பளின்னா உருகாது, ஆனா கருகும். எங்க காலனில மரத்தடில துணி தேய்க்கற ப்ரெஸ்வாலா பையா துணி எடுக்க வந்தப்போ கார்ப்பெட்டப் பார்த்துட்டு "குடுங்க, ரெண்டே நிமிஷம்"னார். அவர் கைல இருக்கறது கரிப்பெட்டி, அதுல ஒரு புள்ளியும் இல்ல ரெண்டு புள்ளியும் இல்ல, நைசா வேண்டாம்னுட்டேன்.

மெழுகு போயிடுச்சு, சிவப்பு போகல. அந்தச் சாயம் எண்ணெய்ல கரையற ஜாதி, மெழுகோட சேர்ந்து நூலுக்குள்ள வந்தது, மெழுகு கிளம்பினதும் கொஞ்சம் அங்கயே தங்கிடுச்சு. மெடிக்கல்ல கிடைக்கற ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால முதல்ல ஒரு மூலைல தொட்டுப் பார்த்துட்டு, அயர்ன் பாக்ஸ் பிளக்கப் புடுங்கி அது ஆறின பிறகு, பஞ்சுல ஒத்தி ஒத்தி எடுத்தேன். தேய்க்கக் கூடாது, தேய்ச்சா பொட்டு வட்டமாயிடும். பெட்ரோல், மண்ணெண்ணெய் ஊத்தினா மெழுகும் சாயமும் சேர்ந்தே கரையும், சொந்தக்காரங்கதானே, ஆனா அடில இருக்கற கோந்தும் கூடப் போகும், வீடும் போகலாம், அந்த வேலையே வேண்டாம். இப்ப ஒரு வெளிறின ரோஸ் கலர் தெரியுது, தெரிஞ்சவங்களுக்கு மட்டும்.

அந்தப் பதினோரு காக்கித் துண்டையும் குப்பைல போடப் போனப்போ ப்ரெஸ்வாலா பையா வாங்கி வச்சுக்கிட்டார். மறுநாள் காலைல ஏழு மணிக்கு, மூடுபனில கரி நமுத்துப்போய்க் கிடக்கு, ஒரு துண்டச் சுருட்டி அடில சொருகி ஒரே தீக்குச்சிதான் கிழிச்சார்.