துளிர் வந்துவிட்டது, வேர் வந்ததா?

செம்பருத்திக் குச்சி நட்டேன், பத்தே நாளில் பச்சைப்பசேல் என்று துளிர் விட்டது, இருபதாம் நாள் அந்தத் துளிர் அப்படியே தொங்கிக் கருகிவிட்டது, தண்ணீர் தினமும்தான் ஊற்றினேன், எங்கே தப்பு? சித்திரையில் ஒரு கோடை மழை விழுந்ததும் கோயம்புத்தூர், திருப்பூர் பக்கம் செடி வளர்க்கிறவர்கள் யாரைப் பார்த்தாலும் இந்தக் கேள்வி வந்துவிடும். பெரும்பாலும் நடந்தது என்னவென்றால், துளிர் வந்தது, வேர் வரவில்லை. வேரே இல்லாத குச்சி எப்படித் துளிர்க்கிறது என்று தெரிந்துகொண்டால் பாதிக் குச்சிகளைக் காப்பாற்றிவிடலாம்.

ஒரு கிளையை வெட்டும்போது அதற்குள் கொஞ்சம் மாவுச்சத்தும் கொஞ்சம் ஈரமும் கட்டுச்சோறு மாதிரி கூடவே வருகின்றன. கணுக்களில் மொட்டுகள் முன்பே உருவாகி உறங்கிக்கொண்டிருக்கும். செடியின் நுனி இருக்கிறவரை அது இந்த மொட்டுகளை விரிய விடாது. நாம் நுனியை வெட்டி எறிந்துவிட்டால் தடை போய்விடுகிறது, மொட்டு விரிகிறது. அதற்கு வேர் தேவையில்லை, கட்டுச்சோறு போதும். ஆனால் வேர் அப்படி ஏற்கெனவே உருவாகிக் காத்திருப்பதில்லை, பெரும்பாலான செடிகளில் அதைப் புதிதாகத்தான் செய்ய வேண்டும், அதற்கு இரண்டு மூன்று வாரமோ அதற்கு மேலோ ஆகும். அதற்குள் விரிந்த இலைகள் வெயிலில் தண்ணீரை ஆவியாக்கிக்கொண்டே இருக்கும். கட்டுச்சோறு தீருவதற்குள் வேர் வந்தால் செடி பிழைக்கும், இல்லையென்றால் கருகும்.

சரி, வேர் எங்கிருந்து வருகிறது? பட்டைக்கும் கட்டைக்கும் நடுவே வழவழவென்று ஓர் ஈர அடுக்கு இருக்கும், நகத்தால் சுரண்டினால் தெரியும். கேம்பியம் என்பது அதுதான். வெட்டுப்பட்ட சில நிமிடங்களிலேயே காயம் பட்ட செய்தி ஜாஸ்மோனிக் அமிலமாக அங்கே பரவுகிறது. இன்னொரு பக்கம், இளம் இலைகளிலும் மொட்டுகளிலும் உருவாகும் ஆக்சின் என்ற ஹார்மோன் தண்டு வழியாகச் செல்லுக்குச் செல் கைமாறிக் கீழே இறங்கிக்கொண்டே இருக்கும். வேகம் மணிக்கு ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர்தான். முழுச்செடியில் அது வேர்வரை போய்விடும், வெட்டிய குச்சியிலோ அடியில் வந்து நின்று தேங்கிவிடுகிறது. காயமும் தேங்கிய ஆக்சினும் சேரும் இடத்தில், கேம்பியத்தை ஒட்டிய செல்களில் சில தங்கள் பழைய வேலையை விட்டுவிட்டுப் பிளந்து பெருக ஆரம்பித்து, வேர் முனையாக உருவெடுத்து, பட்டையைக் கிழித்துக்கொண்டு வெளியே வருகின்றன. தண்டாக இருந்த ஒரு செல் வேராக மாறுவதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் பிரமிப்பாகத்தான் இருக்கிறது.

ஆக்சின் மேலிருந்து கீழாகத்தான் போகும் என்பதால் குச்சியைத் தலைகீழாக நட்டால் சிக்கல். 1878இல் ஹெர்மன் ஃபோக்டிங் என்ற ஜெர்மன் தாவரவியலாளர் வில்லோ என்ற மரத்தின் குச்சிகளை நேராகவும் தலைகீழாகவும் தொங்கவிட்டுப் பார்த்தார். எப்படித் தொங்கினாலும் மரத்தில் எது அடிப்பக்கமாக இருந்ததோ அங்கேதான் வேர் முதன்மையாக வந்தது. ஆக்சின் என்று ஒன்று இருப்பதே அப்போது யாருக்கும் தெரியாது, 1926இல் ஃபிரிட்ஸ் வென்ட் ஓட்ஸ் முளைகளை வைத்துச் செய்த சோதனையில்தான் அது பிடிபட்டது. குச்சிக்கிழங்கு, அதாவது மரவள்ளி, நடுகிறவர்கள் குச்சியைக் கட்டாகக் கட்டும்போதே தலைமாடு கால்மாடு மாறாமல் அடுக்குவதும் இதற்காகத்தான். வீட்டில் ஒரு சின்ன வழி இருக்கிறது: அடியைச் சாய்வாகவும் மேலே நேராகவும் வெட்டிவிடுங்கள், எத்தனை குச்சி இருந்தாலும் குழப்பம் வராது.

முருங்கைப் போத்து நடும்போது எங்கள் அப்பாரு ஒரு வேலை செய்வார். மணிக்கட்டு கனத்தில் மூன்று நாலு அடி நீளமாகப் போத்து வெட்டி, குழியில் நிறுத்தி மண்ணை மிதித்துவிட்டு, மேல்நுனியில் பச்சைச் சாணியை உருண்டையாக அப்பி வைப்பார். சின்ன வயதில், வேர் கீழே வரும்போது உரத்தை ஏன் மேலே வைக்கிறார் என்று எனக்குப் புரியாது. அது உரமே இல்லை, மூடி. மேல்வெட்டு திறந்தே கிடந்தால் அந்த வழியாக ஈரம் போய்விடும், மழை பெய்தால் தண்ணீர் இறங்கி அழுகும். சாணி இரண்டையும் தடுக்கிறது. நான் ஆசையில் ஒரு போத்தை ஆட்டிப் பார்த்தபோது, “துளுத்துருச்சுன்னு ஆட்டிப் பாக்காத கண்ணு, வேர் புடிக்கோணுமல்ல” என்றார். அதுவும் சரியான பேச்சுதான். புதிதாக வரும் வேர் நூலைவிட மெல்லியது, ஒரு அசைப்பில் அறுந்துவிடும், அறுந்தால் மறுபடியும் முதலிலிருந்து தொடங்க வேண்டும், அதற்குக் குச்சியில் கட்டுச்சோறு மிச்சம் இருக்காது.

நம் ஊரில் குச்சியை அதிகமாகக் கொல்வது வெயில் இல்லை, காற்று என்பேன். பாலக்காட்டுக் கணவாய் வழியாக ஆனி, ஆடியில் அடிக்கிற காற்று கொடியில் போட்ட துணியை உலர்த்துவது போலத்தான் இலையையும் உலர்த்தும். அதனால் செம்பருத்தி, மல்லிகை, நந்தியாவட்டை எதுவானாலும் பென்சில் கனத்தில், முழுப் பச்சையும் இல்லாமல் முற்றிய கட்டையும் இல்லாமல் இருக்கிற குச்சியாக எடுத்து, பூவையும் பூமொட்டையும் கிள்ளி எறிந்துவிட்டு, மேலே இரண்டு இலை மட்டும் விட்டு, அவையும் பெரிதாக இருந்தால் பாதியாக நறுக்கிவிட்டு, காற்றுப் படாத நிழலில் வையுங்கள். எல்லா இலையையும் உருவிவிடவும் கூடாது, ஆக்சினும் கொஞ்சம் சர்க்கரையும் அங்கிருந்துதான் வருகின்றன. அப்புறம் தண்ணீர். வேர் உருவாகிற செல்கள் மூச்சு விட வேண்டும், சொதசொதவென்று இருக்கிற மண்ணில் ஆக்சிஜன் இருக்காது, அழுகல்தான் வரும். செவல் மண்ணோடு பாதிக்குப் பாதி மணலோ தென்னை நார்க் கழிவோ கலந்து, மண் ஈரமாக இருக்கிறதா என்று விரலை விட்டுப் பார்த்து ஊற்றினால் போதும். கள்ளி வகைகளுக்கு இது நேரெதிர். வெட்டியதும் நடாமல் சில நாள் நிழலில் போட்டு, வெட்டு காய்ந்து தோல் மூடிய பிறகுதான் நட வேண்டும்.

கடையில் விற்கிற வேரூக்கிப் பொடியில் பொதுவாக இருப்பது இந்தோல் பியூட்டிரிக் அமிலம், ஆக்சினின் உறவு. 1935இல் அமெரிக்காவின் பாய்ஸ் தாம்சன் ஆய்வு நிலையத்தில் சிம்மர்மனும் வில்காக்சனும் இதன் வேரூக்கும் திறனைக் காட்டினார்கள். செடி தானாகத் தேக்குவதை நாம் கொஞ்சம் கூட்டிவைக்கிறோம், அவ்வளவுதான். அடிவெட்டில் லேசாக ஒட்டினால் போதும், அதிகமானால் அடி கருகும், மொட்டும் விரியாது. முருங்கைக்கும் வேலிக்கு நடுகிற கிளுவைக்கும் இது தேவையே இல்லை.

கரும்பில் கதை வேறு. நடுவதற்கு வெட்டிய துண்டான கரணையின் கணுவைச் சுற்றிச் சின்னச்சின்னப் புள்ளிகள் வரிசையாகத் தெரியும், அவை தயாராக இருக்கிற வேர்முனைகள், ஈரம் பட்டதும் கிளம்பிவிடும். 1912இல் கோயம்புத்தூரில் தொடங்கிய கரும்பு இனப்பெருக்க நிலையம் கொடுத்த ரகங்கள் நாடு முழுவதும் பரவியது இப்படிக் கரணை கரணையாகத்தான். தென்னையிலோ கேம்பியமே கிடையாது, மட்டையை வெட்டி நட்டு ஒரு பிரயோசனமும் இல்லை.

ஒரு எச்சரிக்கை மட்டும் அழுத்திச் சொல்ல வேண்டும். குச்சி தாய்ச்செடியின் அச்சு நகல், தாய்க்கு இருக்கிற நோயும் பூச்சியும் கூடவே வரும். குச்சிக்கிழங்கின் தேமல் நோய் வெள்ளை ஈயால் பரவுவது போலவே விதைக்குச்சி வழியாகவும் காடு விட்டுக் காடு போகிறது. 2008இல் கோயம்புத்தூரில்தான் பப்பாளி மாவுப்பூச்சி இந்தியாவில் முதலில் பிடிபட்டது. பப்பாளி, மல்பெரி, குச்சிக்கிழங்கு, செம்பருத்தி எல்லாவற்றிலும் பஞ்சு போல அப்பிக்கொண்டு விவசாயிகளைக் கண்ணீர் விட வைத்தது. மருந்து அடித்தும் அடங்காத அதை அடக்கியது, 2010இல் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து வரவழைத்து விட்ட அசெரோபேகஸ் பப்பாயே என்ற குளவி, கண்ணுக்கே சரியாகத் தெரியாத அளவு சிறியது, மாவுப்பூச்சியின் உடலுக்குள் முட்டையிட்டு அதை முடித்துவிடும். அடுத்த வீட்டுச் செம்பருத்திக் குச்சியை வாங்கும்போது கணுவையும் இலையின் அடிப்பக்கத்தையும் திருப்பிப் பாருங்கள், வெள்ளையாக ஏதாவது ஒட்டியிருந்தால் அந்தக் குச்சி வேண்டாம்.

குச்சி நடுவதில் நம் ஆட்கள் எவ்வளவு தூரம் போயிருக்கிறார்கள் என்று பார்க்க விரும்பினால் காங்கயம், தாராபுரம் பக்கம் கொறங்காடுகளைப் போய்ப் பாருங்கள். மாடு மேய்கிற அந்தக் காடுகளைச் சுற்றி இருக்கிற கிளுவை வேலி முழுக்கப் போத்து நட்டு வளர்த்ததுதான். கோடையில் கிளுவை இலை உதிர்த்து நிற்கும், ஆவியாகிப் போக இலையே இல்லை, சத்தெல்லாம் தண்டில் சேர்ந்திருக்கும், அப்போது வெட்டி மழைக்கு முன்னால் ஊன்றிவிட்டால் வேர் முந்திக்கொள்கிறது. இரண்டு வேலிக்கு நடுவே போகிற இட்டேரியில் காலை ஆறு மணிக்கு நடந்தால் செம்போத்து வேலிக்குள் தத்தித்தத்தி நத்தை தேடும், கௌதாரி குடும்பமாகக் குறுக்கே ஓடும், ஓணான் முள்ளில் தலையாட்டும். கம்பி வேலி போட்ட காட்டில் இதில் பாதிகூட இல்லை. இந்த வருடம் எங்கள் தோட்டத்து மேற்கு வரப்பில் கம்பி அறுந்த இடத்தில் நாற்பது கிளுவைப் போத்து ஊன்றியிருக்கிறேன். எல்லாம் துளிர்த்திருக்கின்றன. புது இலை முழு அளவுக்கு விரிந்து, மதிய வெயிலிலும் தொங்காமல் நிற்கிறவரை ஒன்றையும் தொடப்போவதில்லை.