சாம்பிளிங் ரேட்: மாதிரியெடுப்பு வீதம்

'சாம்பிள்', 'எக்சாம்பிள்' என்ற இரண்டு ஆங்கிலச் சொற்களும் உடன்பிறப்புகள். பழைய பிரெஞ்சு வழியாக, லத்தீனின் 'எக்சம்ப்ளும்' என்ற சொல்லிலிருந்து வந்தவை. 'வெளியே எடுத்தது' என்பது அதன் வேர்ப்பொருள். தமிழில் 'எடுத்துக்காட்டு' என்கிறோமே, அதே எண்ணம்தான்.

சாம்பிளுக்குத் தமிழில் கூறு, மாதிரி என்று இரண்டு சொற்கள் புழங்குகின்றன. பள்ளிக் கணக்கில் 'கூறுவெளி' படித்திருப்பீர்கள். நல்ல சொல். ஆனால் சந்தையில் தக்காளியைக் கூறு போட்டால் கூடையில் இருந்த அத்தனையும் ஏதாவது ஒரு கூறில் இருக்கும். சாம்பிளிங்கில் அப்படி இல்லை. எடுத்தது போக மீதி நம் கண்ணில் படுவதே இல்லை. அதனால் நேரத்தோடு மாறும் ஒன்றை அளக்கும்போது 'மாதிரியெடுப்பு' என்பதே சரி என்பேன். அப்புறம், 'ரேட்' என்பது வேகம் அல்ல, வீதம். பந்தியில் ஆளுக்கு இரண்டு வடை வீதம் வைப்பதைப் போல, நொடிக்கு இத்தனை மாதிரி வீதம்.

இந்தச் சொல்லின் முழுக் கனமும் தெரியும் இடம் ஓய்வுநிலை மூளைப் படிமம். எந்த வேலையும் கொடுக்காமல் ஒருவரை எஃப்எம்ஆர்ஐ என்ற, மூளையின் இயக்கத்தைப் படமெடுக்கும் காந்தக் கருவிக்குள் சும்மா படுக்க வைத்து, மூளையின் எந்தெந்தப் பகுதிகளில் ரத்த ஆக்சிஜன் சார்ந்த சமிக்ஞை ஒன்றாக ஏறி இறங்குகிறது என்று பார்ப்பார்கள். அவர்கள் தேடுவது மிக மெதுவான அலைகள்: 0.01 முதல் 0.1 ஹெர்ட்ஸ் வரை, அதாவது ஒரு அலைக்குப் பத்து நொடி முதல் நூறு நொடி வரை. இங்கே ஒவ்வொரு படமும் ஒரு மாதிரி. இரண்டு நொடிக்கு ஒரு படம் எடுத்தால் தாராளமாகப் போதுமே என்று தோன்றும். பல ஆண்டுகள் அப்படித்தான் எடுத்தார்கள்.

சிக்கல் இதயத்தில் இருக்கிறது. ஒவ்வொரு துடிப்பும் மூளையின் ரத்தக்குழாய்களை அசைத்து, படத்தின் சமிக்ஞையிலும் ஏறி இறங்கும். படுத்திருப்பவரின் நாடி நிமிடத்துக்கு 63 என்று வைத்துக்கொள்வோம். இரண்டு நொடியில் 2.1 துடிப்பு. அந்த இரண்டு முழுத் துடிப்புகளும் படத்துக்குத் தெரியாது, மிச்சமுள்ள 0.1 மட்டும் தெரியும். அடுத்த படத்தில் இன்னொரு 0.1. பத்துப் படம், இருபது நொடி ஆனதும் ஒரு சுற்று முடியும். படபடவென்று அடித்த இதயம் 0.05 ஹெர்ட்ஸ் மெல்லலையாகப் பதிவாகிவிடும், அதுவும் தேடும் அலைவரிசையின் நடுவிலேயே. ரத்தக்குழாய் ஓரமாக உள்ள இரண்டு பகுதிகள் ஒன்றோடொன்று பேசுவதைப் போலத் தெரியும். இதற்கு 'ஏலியாசிங்' என்று பெயர். 'மாற்றுரு' என்று நான் எழுதுவேன். ஒரு அலையை அடையாளம் காண, அதன் ஒரு சுற்றுக்குள் இரண்டுக்கு மேல் மாதிரிகள் வேண்டும் என்ற விதி, 1928இல் இதற்கு அடித்தளமிட்ட பொறியாளர் ஹாரி நைக்விஸ்டின் பெயரால் வழங்குகிறது.

1995இல் ஆய்வாளர் பரத் பிஸ்வாலின் குழு இந்த ஓய்வுநிலைப் படிமத் துறையைத் தொடங்கிவைத்தபோது 250 மில்லிநொடிக்கு ஒரு படம் எடுத்தது. அந்த வீதத்தில் 63 துடிப்பு துடிப்பாகவே தெரியும். முழு மூளையையும் படமெடுக்கத் தொடங்கியபோதுதான் வீதம் இறங்கியது. பிறகு மூளையின் பல அடுக்குகளை ஒரே நேரத்தில் எடுக்கும் நுட்பம் வந்தது. மூளைப் பகுதிகளின் இணைப்புகளை வரைபடமாக்கிய அமெரிக்காவின் ஹியூமன் கனெக்டோம் திட்டம் 0.72 நொடிக்கு ஒரு படம் வீதம், ஒரு பதிவுக்கு 1200 படங்கள் எடுத்தது. அதே கால அளவில் பழைய வீதத்தில் 432 படங்கள்தான் கிடைத்திருக்கும். தகவல் அதே அளவுக்குப் பெருகிவிடாது, அடுத்தடுத்த படங்கள் ஒன்றையொன்று ஒத்திருக்கும். ஒவ்வொரு படத்திலும் சமிக்ஞை கொஞ்சம் மங்கவும் செய்யும்.

சரி, இதயம் அடங்கிவிட்டதா? 63 துடிப்பு இப்போது 0.34 ஹெர்ட்ஸுக்குத் தள்ளிப்போய்விடும், தொந்தரவில்லை. ஆனால் நாடி 80 உள்ளவர் படுத்தால், 0.72 நொடி வீதத்தில் அது 0.06 ஹெர்ட்ஸ் அருகே வந்து உட்கார்ந்துகொள்ளும். அதனால்தான் விரலில் ஒரு கருவியை மாட்டி, மூளைப் படத்தோடு நாடியையும் பதிந்துவைக்கிறார்கள்.