பள்ளிப் படிப்பு முடியும் ஆண்டில் பிள்ளைப் பராமரிப்புப் பணம் எப்போது நிற்கும்?

பிரித்தானியாவில் பிரிந்து வாழும் பெற்றோர் பலர், பிள்ளைக்கு 18 வயதானதும் பராமரிப்புப் பணம் தானாகவே நின்றுவிடும் என்று எண்ணுகிறார்கள். பராமரிப்புத் தொகையைக் கணக்கிடும் அரச சேவையான ‘சைல்ட் மெயின்டனன்ஸ் சர்வீஸ்’ கணக்கிட்டுத் தரும் பணத்துக்கு அந்த வயது எல்லை பொருந்தாது. பிள்ளை 16 வயதுக்கு உட்பட்டவராகவோ, 20 வயதுக்கு உட்பட்டு அங்கீகரிக்கப்பட்ட முழுநேரக் கல்வியில் இருப்பவராகவோ இருக்கும்வரை பணம் செலுத்தப்பட வேண்டும். ஏ லெவல், ஸ்கொட்லாந்துப் பள்ளிகளின் உயர்நிலைப் பரீட்சையான ஹையர், அவற்றுக்கு நிகரான தொழிற்கல்வி ஆகியவை இதில் அடங்கும். வாரத்துக்குச் சராசரியாக 12 மணி நேரத்துக்கு மேல் ஆசிரியரின் மேற்பார்வையில் படிப்பு நடக்க வேண்டும். 19 வயதாகும் முன்பே அந்தப் படிப்பில் சேர்ந்திருக்கவோ அதற்கு இடம் கிடைத்திருக்கவோ வேண்டும்.

நிறுத்தப்படும் நாளைக் கண்டுகொள்ள, பிறந்தநாளை விட்டுவிட்டு, பிள்ளைக்காக அரசு தரும் உதவித்தொகையான ‘சைல்ட் பெனிஃபிட்’ எப்போது முடிகிறது என்று பார்க்க வேண்டும். வழக்கமாக இரண்டும் சேர்ந்தே முடிகின்றன. 16 வயதோடு பள்ளியை விட்டுவிடும் பிள்ளைக்கு, அந்தப் பிறந்தநாளை அடுத்து வரும் ஓகஸ்ட் 31 வரை சைல்ட் பெனிஃபிட் உண்டு. அதன் பின்னும் படித்து இடையில் விலகினால், பெப்ரவரி, மே, ஓகஸ்ட், நவம்பர் ஆகிய மாதங்களின் கடைசி நாட்களில் எது முதலில் வருகிறதோ அதுவரை கிடைக்கும்.

நவம்பரில் 18 வயதாகி, அடுத்த ஜூனில் ஏ லெவல் பரீட்சையை முடிக்கும் ஒரு மகளை எடுத்துக்கொள்வோம். அவளுக்கான பணம் ஓகஸ்ட் 31 வரை தொடர வேண்டும். தந்தை பிறந்தநாளோடு நிறுத்தினால், பரீட்சைக்குப் படிக்கும் மாதங்களிலேயே வீட்டுக்கு வரவேண்டிய ஒன்பது மாதப் பணம் குறைந்துபோகும். அதே மகள் ஜனவரியில் கல்லூரியை விட்டு விலகினால், பெப்ரவரியின் கடைசி நாளோடு பணம் முடிந்துவிடும்.

இதில் பெற்றோர் தவறவிடக் கூடாத ஒரு கடிதம் இருக்கிறது. பிள்ளைக்கு 16 வயதாகும் கட்டத்தில், படிப்பு தொடர்கிறதா என்று வரித் திணைக்களமான எச்எம்ஆர்சி கேட்கும். பதில் கொடுக்காவிட்டால், பிள்ளை வகுப்பில் உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்தாலும் சைல்ட் பெனிஃபிட் நின்றுவிடும். அதைத் தொடர்ந்து பராமரிப்புக் கணக்கிலும் சிக்கல் எழும். ஆங்கிலக் கடிதங்களைப் பிறகு பார்க்கலாம் என்று அலுமாரியில் வைத்துவிடும் நம் வீடுகளில், இந்த ஒன்றையாவது வந்த அன்றே பிரித்துப் பார்க்கும்படி மிகவும் கேட்டுக்கொள்கிறேன்.

இரண்டு பிள்ளைகளில் மூத்தவர் படிப்பை முடித்தால் தொகை பாதியாகும் என்பதும் தவறான கணக்கு. பணம் செலுத்துபவரின் மொத்த வருமானம் வாரத்துக்கு 200 முதல் 800 பவுண் வரை இருந்தால், அதில் இரண்டு பிள்ளைகளுக்கு 16 சதவீதமும் ஒரு பிள்ளைக்கு 12 சதவீதமும் எடுக்கப்படும். ஆகவே வாரம் 500 பவுண் உழைப்பவர் செலுத்தும் தொகை, வேறு கழிவுகள் இல்லாவிட்டால், 80 பவுணிலிருந்து 60 பவுணாகத்தான் இறங்கும்.

பல்கலைக்கழகப் படிப்பு இத்திட்டத்தில் அங்கீகரிக்கப்பட்ட கல்வியாகக் கொள்ளப்படுவதில்லை. செலவு கூடும் காலத்தில் இந்தப் பணம் நிற்பது பெற்றோரில் ஒருவருக்குப் பெரும் சுமைதான் என்பதால், கடைசிப் பள்ளியாண்டு தொடங்கும்போதே இருவரும் பேசி ஓர் உடன்பாட்டை எழுதி வைத்துக்கொள்வது நல்லது. உடன்பாடு வராவிட்டால் நீதிமன்ற வழியும் உண்டு: இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 18 வயதைக் கடந்து படிக்கும் பிள்ளை, சில நிபந்தனைகளுக்கு உட்பட்டு, 1989 ஆம் ஆண்டின் சிறுவர் சட்டத்தின் கீழ்த் தானே விண்ணப்பிக்கலாம், ஸ்கொட்லாந்தில் 1985 ஆம் ஆண்டின் குடும்பச் சட்டப்படி, நியாயமான கல்வியிலோ பயிற்சியிலோ இருக்கும் பிள்ளையைப் பராமரிக்கும் கடமை 25 வயது வரை நீளும். ஏற்கெனவே நீதிமன்றக் கட்டளை பெற்றவர்கள், அதில் எழுதப்பட்டிருக்கும் முடிவு நாளையே பின்பற்ற வேண்டும்.

பிள்ளை படிப்பை விட்டாலோ திருமணம் செய்தாலோ, பணம் பெறுபவர் அதைச் சைல்ட் மெயின்டனன்ஸ் சர்வீஸுக்குத் தாமதமின்றி அறிவிக்க வேண்டும். நேரடியாகச் செலுத்துபவர், பணம் தானாகவே போகும்படி வங்கியில் போட்டிருக்கும் ‘ஸ்டாண்டிங் ஓடரை’ முடிவு நாள் உறுதியான பிறகு தாமே நிறுத்த வேண்டும். அதுவரை சேர்ந்த நிலுவை, பிள்ளை வளர்ந்துவிட்டது என்பதற்காக அழிந்துபோகாது. பின்னரும் அதை அறவிட முடியும்.