நினைவுத்தாள்: சொல் விளக்கம்

சேகரிப்பாளர்கள் ‘சூவனீர் நோட்டு’ என்று சொல்வது, பார்க்க அசல் பணம் போலவே இருந்தும் எந்தக் கடையிலும் எடுபடாத தாளை. அதில் பேர் பெற்றது 0 யூரோத் தாள். 2015-ல் பிரான்சில் தொடங்கியது. அசல் பணம் அடிக்கும் ஒபெர்தூர் அச்சகமே இதையும் அடிக்கிறது. பருத்தித் தாள், நீர்க்குறி, ஹோலோகிராம், புற ஊதா ஒளியில் மின்னும் மை, வரிசை எண் என்று ஒன்றுக்கும் குறைவில்லை. முன்பக்கப் படம் மட்டும் ஊருக்கு ஊர் மாறும். பெரும்பாலும் 2 அல்லது 3 யூரோ விலை. கார்ல் மார்க்ஸ் பிறந்து 200 ஆண்டு ஆனதை ஒட்டி, 2018-ல் அவர் பிறந்த ஜெர்மனியின் ட்ரியர் நகரம் அவர் படம் போட்ட 0 யூரோவை 3 யூரோவுக்கு விற்றது. பயன்மதிப்பு வேறு, பரிமாற்ற மதிப்பு வேறு என்று எழுதியவருக்கு இதைவிடப் பொருத்தமான மரியாதை கிடைக்காது.

‘சூவனீர்’ பிரெஞ்சுச் சொல். அங்கே அது முதலில் ‘நினைவுகூர்’ என்ற வினை. லத்தீனில் ‘மனத்தில் வந்து எழுதல்’ என்ற பொருளிலிருந்து வந்தது. நம் ஊரில் சூவனீர் என்றால் வாழ்த்துச் செய்தியும் விளம்பரமுமாக வரும் விழா மலர்தான் நினைவுக்கு வரும். ஆகவே அப்படியே எழுதினால் குழப்பம்.

சரி, தமிழில் என்ன சொல்வது? ‘போலி நோட்டு’ என்றால் ஏமாற்றும் நோக்கம் வந்துவிடும். ‘செல்லாத நோட்டு’ என்றால் 2016-ல் வங்கி வாசலில் வரிசையில் நின்றதுதான் ஞாபகம் வரும். அவை ஒரு காலத்தில் செல்லுபடியானவை. ‘நினைவுப் பணத்தாள்’ நெருங்கி வருகிறது. ஆனால் சுதந்திரப் பொன்விழாவுக்காக இலங்கை 1998-ல் வெளியிட்ட 200 ரூபாய்த் தாளுக்குத்தான் அந்தப் பெயர் பொருந்தும். அது நிஜப் பணம். ‘பணம்’ என்பதை எடுத்துவிட்டு ‘நினைவுத்தாள்’ என்பதே என் தேர்வு. முதல்முறை எழுதும்போது ‘மதிப்பிலா நினைவுத்தாள்’ என்று விரித்துவிட்டால் சந்தேகம் வராது.

இவற்றையும் அசல் தாள்களையும் சேர்க்கும் பொழுதுபோக்குக்கு மேலைநாட்டில் ‘நோட்டாஃபிலி’ என்று பெயர். லத்தீன் ‘நோட்டா’வும் கிரேக்க ‘ஃபிலியா’வும் சேர்ந்த கலப்பு. ‘பணத்தாள் சேகரிப்பு’ போதும். எல்லாவற்றுக்கும் ‘இயல்’ ஒட்ட வேண்டியதில்லை.

அப்புறம், சென்னையின் ‘ஐந்தாவது தூண்’ அமைப்பு 2007-ல் அச்சிட்ட பூஜ்ய ரூபாய் நோட்டை இதில் சேர்க்கக் கூடாது. காந்தி படம் போட்ட அந்தத் தாள் ஆல்பத்தில் வைக்க அடித்ததல்ல, லஞ்சம் கேட்பவர் கையில் கொடுக்க அடித்தது.