அறிவியல் கண்காட்சிக்கு கிளாஸ் உல் கேட்டு வராதீர்கள்

கடலூர் துறைமுகத்து ஐஸ் கம்பெனிகளுக்கும் சிப்காட் பக்கம் பாய்லர், குழாய்களுக்கும் இன்சுலேஷன் கட்டுவது என் தொழில். பள்ளிகளில் கண்காட்சி சீசன் வந்துவிட்டால் கடை வாசலில் சைக்கிள்கள் நிற்க ஆரம்பித்துவிடும். “அண்ணே, வெந்நீர் ஆறாத பெட்டி செய்யணும், கொஞ்சம் கிளாஸ் உல் குடுங்க.” போட்டி எளிமையானதுதான். பீக்கரில் வெந்நீரை ஊற்றிப் பெட்டிக்குள் வைப்பார்கள். அரை மணி நேரம் கழித்து யாருடைய தண்ணீரில் சூடு அதிகம் மிச்சமிருக்கிறதோ அவருக்குப் பரிசு. நல்ல போட்டி. பிள்ளைகள் கேட்கும் சரக்குதான், அந்தக் கண்ணாடி இழைதான், தவறு.

போன வாரம் திருப்பாதிரிப்புலியூரிலிருந்து ஓர் அம்மா வந்தார். மகன் ஒன்பதாம் வகுப்பு. எங்கேயோ ஏசி டக்ட் பிரித்தபோது கீழே போட்டிருந்த கிளாஸ் உல்லை ஒரு பை நிறைய அள்ளி வந்திருக்கிறான். அரைக்கைச் சட்டையோடு உட்கார்ந்து, மின்விசிறியைப் போட்டுக்கொண்டு, கையாலேயே பிய்த்துப் பெட்டியில் அடைத்திருக்கிறான். முழங்கை வரை சிவந்து தடித்துவிட்டது. அரிக்கிறது என்று பவுடர் போட்டுத் தேய்த்திருக்கிறார்கள். அந்தச் சட்டையை மற்ற துணிகளோடு வாஷிங் மெஷினில் போட்டதில் தங்கைக்கும் பாட்டிக்கும்கூட அரிப்பு. “சார், இது என்ன விஷமா?” என்று கேட்டார். விஷம் இல்லை அம்மா, கண்ணாடி. முடியைவிட மெல்லிய கண்ணாடி இழை. தேய்க்கத் தேய்க்க இன்னும் உள்ளே ஏறும்.

இந்த மாதிரிக் கதைகளைக் கேட்டு அலுத்துவிட்டது. அதனால்தான் எழுத உட்கார்ந்தேன்.

முதலில், எனக்கு ரத்தக்கொதிப்பு ஏற்றும் ஒரு நம்பிக்கையைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். பாய்லருக்கே கட்டுகிற சரக்கு என்றால் வெந்நீரை இன்னும் நன்றாகக் காக்கும் என்று பிள்ளைகள் மட்டுமல்ல, சில ஆசிரியர்களும் நினைக்கிறார்கள். காக்காது. எவ்வளவு சூடு வரை ஒரு பொருள் உருகாமல், எரியாமல் நிற்கும் என்பது ஒரு குணம். தன் வழியாகச் சூட்டை எவ்வளவு மெதுவாகக் கடத்தும் என்பது வேறு குணம். இரண்டுக்கும் சம்பந்தமே இல்லை. இரும்புத் தோசைக்கல் அடுப்பில் எத்தனை வருஷம் கிடந்தாலும் ஒன்றும் ஆகாது. அதற்காக அது சூட்டைத் தடுக்கிறதா என்ன?

கணக்காகவே சொல்கிறேன். எங்கள் தொழிலில் கே வேல்யூ என்போம். எண் சிறியதாக இருந்தால் சூடு மெதுவாகக் கசியும். அசையாத காற்றுக்கு 0.026. தெர்மோகோலுக்கு 0.035 அளவில். கிளாஸ் உல்லுக்கும் அதே 0.035 முதல் 0.04. தண்ணீருக்கு 0.6. சூளையில் வைக்கிற கனமான தீச்செங்கல் ஆயிரம் டிகிரிக்கு மேல் அசராமல் நிற்கும். ஆனால் அதன் எண் 1-ஐ ஒட்டி இருக்கும், அதாவது தெர்மோகோலைவிட கிட்டத்தட்ட முப்பது மடங்கு வேகமாகச் சூட்டை வெளியே விடும். அலுமினியத்துக்கு 200-க்கும் மேல். சூளைகளுக்குக் கட்டும் செராமிக் உல் என்ற இழையை 1260 டிகிரி தாங்கும் என்று போட்டு விற்கிறார்கள், உண்மைதான். ஆனால் உங்கள் பீக்கரில் இருப்பது 80 டிகிரித் தண்ணீர். அந்தச் சூட்டில் அது தெர்மோகோலைவிட ஒரு விதத்திலும் உசத்தி இல்லை. நாங்கள் பாய்லருக்குக் கிளாஸ் உல் கட்டுவது தெர்மோகோல் அங்கே உருகிவிடும் என்பதால்தான். உங்கள் பெட்டிக்கு அந்தக் கவலையே கிடையாது. அரிப்பு மட்டும்தான் மிச்சம்.

இதைவிடக் கோபம் வருவது அஸ்பெஸ்டாஸ் விஷயத்தில். பழைய இரும்புக் கடையிலிருந்து சாம்பல் நிறக் கயிறு ஒன்றைச் சுருட்டி எடுத்து வந்து, “இது போதுமா அண்ணே?” என்று கேட்கிறார்கள். பழைய பாய்லர் கதவிலும் குழாயிலும் சுற்றியிருந்த கயிறு அது. அஸ்பெஸ்டாஸா இல்லையா என்று என்னாலேயே கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. சந்தேகம் என்றால் அஸ்பெஸ்டாஸ் என்றே வைத்துக்கொள்ளுங்கள். அதன் தூள் கையில் அரிக்காது, மூக்கில் எரியாது. நுரையீரலில் போய்த் தங்கி, பல பத்தாண்டுகள் கழித்துப் புற்றுநோயாக வெளியே வரலாம். புயலில் உடைந்து மூலையில் கிடக்கும் அஸ்பெஸ்டாஸ் கூரை ஷீட் துண்டை ரம்பம் போட்டு அறுத்துப் பெட்டிக்குச் சுவர் வைத்த பிள்ளையையும் பார்த்திருக்கிறேன். அப்பா பக்கத்தில் நின்று பிடித்துக்கொடுத்திருக்கிறார்! அறுக்காதீர்கள், உடைக்காதீர்கள். ஏற்கெனவே தூள் விழுந்திருந்தால் துடைப்பத்தால் பெருக்கக் கூடாது. தண்ணீர் தெளித்து நனைத்து, ஈரத்துணியால் ஒற்றி எடுத்து, துணியோடு சேர்த்து இரண்டு பைக்குள் போட்டுக் கட்டுங்கள்.

பஃப் லிக்விட், அதாவது பாலியூரிதேன் நுரை செய்யும் திரவம் கேட்டும் வருகிறார்கள். இரண்டு திரவத்தையும் கலந்தால் நுரை பொங்கி வரும் வீடியோவைப் பார்த்துவிட்டு வருவார்கள். அதில் ஒன்று ஐசோசயனேட் என்ற ரசாயனம். ஒருமுறை ஒவ்வாமை பிடித்துவிட்டால் அப்புறம் துளி ஆவி பட்டாலே மூச்சு இழுக்கும். என் ஆட்கள் அதற்கான முகமூடி இல்லாமல் ஸ்ப்ரே பண்ணினால் அன்றைக்கு வேலையை நிறுத்திவிடுவேன். மாணவர்களுக்குத் தருவதில்லை, எவ்வளவு கெஞ்சினாலும். ஏற்கெனவே இறுகிய பஃப் பலகைத் துண்டு என்றால் தொடலாம், பிளேடால் வெட்டலாம். சூட்டுக் கம்பியால் மட்டும் வெட்டாதீர்கள், புகை மோசமானது. தெர்மோகோலுக்கும் அதேதான்.

சரி, பின்னே எதில்தான் செய்வது? வீட்டில் இருப்பதே போதும். பிரிட்ஜ், டிவி வாங்கியபோது வந்த தெர்மோகோல், அட்டைப்பெட்டி, பழைய புடவை, கசக்கிய செய்தித்தாள். உண்மையில் வேலை செய்வது இவற்றுக்குள் மாட்டிக்கொண்டு நகர முடியாமல் இருக்கும் காற்று. அதனால் துணியை அமுக்கி அமுக்கித் திணிக்காதீர்கள்; அமுக்கினால் காற்று போய்விடும். ஈரமான துணியும் வேண்டாம். நம் ஊர்க் கடற்காற்றில் பஞ்சு சும்மா வைத்தாலே ஈரம் குடிக்கும், போட்டிக்கு முன்னால் வெயிலில் காய வையுங்கள். அலுமினியம் ஃபாயில் சுற்றுவதானால் பளபளப்பான முகத்துக்கு எதிரே அரை அங்குலமாவது காற்று இடைவெளி விடுங்கள். பீக்கரோடும் பஞ்சோடும் ஒட்டிச் சுற்றிய ஃபாயில் சூட்டைத் திருப்பி அனுப்பாது, கடத்தத்தான் செய்யும்.

தெர்மோகோலை ஒட்ட ஃபெவிகால் போடுங்கள். ரப்பர் சொல்யூஷன் போட்டால் தெர்மோகோலைத் தின்றுவிடும். கொதிநீர் பாத்திரம் நேரடியாகத் தெர்மோகோலில் படாமல் நடுவில் ஒரு அட்டை வையுங்கள், 80 டிகிரிக்கு மேல் அது சுருங்க ஆரம்பிக்கும்.

அப்புறம் மூடி. பக்கச் சுவரில் நான்கு அங்குலம் அடைத்துவிட்டு, மேலே ஒரு அட்டையைச் சும்மா வைத்துக்கொண்டு வருகிறார்கள். 100 மில்லி வெந்நீரில் ஒரே ஒரு மில்லி ஆவியாகப் போனால் மீதித் தண்ணீர் ஐந்து டிகிரிக்கு மேல் குளிர்ந்துவிடும். ஒரு மில்லி என்பது இருபது சொட்டு. தெர்மாமீட்டர் போடும் துளையைச் சுற்றிப் பஞ்சு வைத்து அடைத்த பெட்டி, செராமிக் உல் வைத்த பெட்டியைத் தோற்கடித்துவிடும். ஆனால் திருகுமூடி போட்டுக் காற்றுப்புகாமல் இறுக்காதீர்கள். இறுக்கிய பாட்டிலைக் குலுக்கிவிட்டுத் திறந்தால் வெந்நீர் முகத்தில் பீச்சும்.

வெந்நீரைப் பற்றி இன்னொன்று. நன்றாகக் கட்டிய பெட்டியின் வெளிப்பக்கம் குளிர்ந்துதான் இருக்கும். தொட்டுப் பார்த்துவிட்டு, ஆறிவிட்டது என்று கையை உள்ளே விடுகிறார்கள். உள்ளே 60 டிகிரி இருந்தால் ஐந்து விநாடியில் தோல் ஆழமாக வெந்துவிடும். 70 என்றால் ஒரு விநாடி போதும். ஊற்றுவதும் வெளியே எடுப்பதும் பெரியவர் செய்யட்டும். சாதாரணக் கண்ணாடி டம்ளர் வேண்டாம், ஆய்வகத்துப் போரோசிலிகேட் (சூடு தாங்கும் கண்ணாடி) பீக்கரே இருக்கட்டும். தெர்மாமீட்டர் பாதரசம் இல்லாததாக இருக்கட்டும். அதை வைத்துத் தண்ணீரைக் கலக்கவும் வேண்டாம். பட்டுவிட்டால் குழாய்த் தண்ணீரை இருபது நிமிடம் ஓடவிடுங்கள். பேஸ்ட், மை, ஐஸ் எதுவும் போடக் கூடாது. கொப்புளம் வந்தால் மருத்துவமனைக்குப் போங்கள்.

கிளாஸ் உல் ஏற்கெனவே ஒட்டிவிட்டதா? சொறியாதீர்கள். தேய்க்காமல் தண்ணீரை ஓடவிட்டுக் கழுவுங்கள். மிச்ச இழையைச் செலோ டேப் ஒட்டி ஒட்டி எடுங்கள். துணியைத் தனியாக அலசுங்கள், அலசிய வாளியையும் கழுவுங்கள். கண்ணில் பட்டிருந்தால் கசக்காமல் தண்ணீரால் கழுவிவிட்டு டாக்டரிடம் காட்டுங்கள்.

ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள். போட்டி அறிவிப்பிலேயே கிளாஸ் உல், ராக் உல் (பாறை இழை), செராமிக் உல், அஸ்பெஸ்டாஸ், ஸ்ப்ரே நுரை கூடாது என்று எழுதிவிடுங்கள். பெட்டிக்குள் என்ன அடைத்திருக்கிறது என்று ஒரு தாளில் எழுதி, பெற்றோர் கையெழுத்தோடு வாங்குங்கள். எழுதாமல் வரும் பெட்டியை மேசையில் ஏற்றாதீர்கள், பிரித்தும் பார்க்காதீர்கள்.