ஏற்றத்தில் வியர்வை, இறக்கத்தில் விறைப்பு: நீலகிரிக்கு சைக்கிளில் போகிறவர்களுக்கு

டிசம்பர் மாதம். தொட்டபெட்டா ஜங்ஷனில் சப்போர்ட் வண்டிக்குப் பக்கத்தில் நின்றிருந்தேன். விடியற்காலையில் மேட்டுப்பாளையத்தில் கிளம்பி, கோத்தகிரி வழியாக ஏறியவர்கள் ஒவ்வொருவராக வந்துகொண்டிருந்தார்கள். தூறல் நிற்கவில்லை. மேகம் சாலையிலேயே இறங்கிக் கிடந்தது. முப்பது வயதை ஒட்டிய ஒருவர் சைக்கிளை விட்டு இறங்கி, ஒரு வாழைப்பழத்தை எடுத்து உரிக்கப் பார்த்தார். காம்பைப் பிடித்து இழுக்கிறார், விரல் வழுக்குகிறது. மறுபடியும் இழுக்கிறார். அப்புறம் பழத்தைக் கையில் வைத்துக்கொண்டு அதையே பார்த்தபடி நின்றுவிட்டார்.

"என்ன தம்பி, ரொம்பக் குளிருதா?" என்று கேட்டேன்.

"ஒண்ணுமில்லீங்க டாக்டர், கெளம்பிடலாம்" என்றார். நாக்கு குழறியது. கூட வந்த நண்பரோ, "ஏறி வந்த அசதிதானுங்க, இனிமே எறக்கம்தானே" என்றார்.

அந்த 'இனிமேல் இறக்கம்தானே' என்ற வார்த்தைக்காகத்தான் இதை எழுதுகிறேன். மலை சைக்கிள் பயணங்களில் மருத்துவ உதவிக்குப் போக ஆரம்பித்த பிறகு நான் பயப்படக் கற்றுக்கொண்டது ஏற்றத்தைப் பார்த்து அல்ல. ஏறும்போது நெஞ்சு அடைக்கிறது, கால் பிடிக்கிறது, ஆட்கள் தாங்களாகவே நின்றுவிடுகிறார்கள். குளிரின் வேலை மேலே போய் நின்ற பிறகுதான் ஆரம்பிக்கிறது.

கணக்கு சுலபம். மேட்டுப்பாளையம் கடல்மட்டத்திலிருந்து 300 மீட்டரைச் சற்றே தாண்டிய ஊர். ஊட்டி 2,240 மீட்டர். ஆயிரம் மீட்டர் ஏறினால் ஆறு டிகிரிக்கு மேல் வெப்பம் குறையும் என்று வைத்துக்கொண்டால், கீழே இருப்பதைவிட மேலே 12 டிகிரி வரை குறைவு. டிசம்பர், ஜனவரியில் நீர்ப்பனி விழுந்து, அப்புறம் உறைபனியாக மாறுகிற ஊர் அது. தலைகுந்தா, காந்தல் பக்கம் புல்வெளி வெள்ளையாகக் கிடக்கும் படத்தை வருடாவருடம் செய்தித்தாளில் பார்த்திருப்பீர்கள்.

ஆனால் ஏறும்போது இது உறைக்காது. மணிக்கு எட்டு, பத்து கிலோமீட்டர் வேகத்தில் காற்றே படாது. உடல் ஒரு அடுப்பு மாதிரி எரிந்துகொண்டிருக்கும். ஜெர்சி வியர்வையில் நனைந்து முதுகோடு ஒட்டும். மேலே வந்து போட்டோ எடுத்து, டீ குடித்து, பின்னால் வருகிறவர்களுக்காகக் காத்திருக்கும் இருபது நிமிடத்தில் அடுப்பு அணைந்துவிடும், ஈரத்துணி மட்டும் உடம்பில் இருக்கும். ஈரம் காய்வதற்கு வேண்டிய சூட்டை உடம்பிலிருந்துதான் எடுத்துக்கொள்ளும். அந்த நிலையிலேயே இறக்கத்தில் விட்டால் மணிக்கு 40 கிலோமீட்டர் காற்று நேராக நெஞ்சில் அறையும். வெளியே 10 டிகிரி என்றால், அந்த வேகத்தில் தோலுக்கு அது 6 டிகிரி போல இருக்கும். 5 டிகிரி என்றால் பூஜ்யத்துக்கும் கீழே. இது காய்ந்த தோலுக்கான கணக்கு, நனைந்த ஜெர்சிக்கு இன்னும் மோசம். இறக்கத்தில் பெடல் மிதிக்கிற வேலையும் இல்லை என்பதால் உள்ளிருந்து சூடும் வராது.

பந்தய வீரர்களுக்கே இது நடந்திருக்கிறது. 1988 ஜூன் 5 அன்று இத்தாலியச் சுற்றுப் பந்தயமான ஜிரோவில் கவியா என்ற கணவாயை வீரர்கள் பனிப்பொழிவில் கடந்தார்கள். 2,600 மீட்டர் சொச்சம், கிட்டத்தட்ட நம் தொட்டபெட்டா சிகரத்தின் உயரம். உச்சியை முதலில் தொட்டவர் யோகன் வான் டெர் வெல்டே, அரைக்கைச் சட்டையில். இறக்கத்தில் அவரால் தாங்க முடியவில்லை, வழியிலேயே நின்று ஒதுங்கினார். கடைசியில் முக்கால் மணி நேரத்துக்கும் மேல் பின்தங்கித்தான் எல்லையைத் தொட்டார். ஆண்டி ஹாம்ப்ஸ்டன் என்ற அமெரிக்கருக்காக அவருடைய குழு அன்று காலையிலேயே பனிச்சறுக்குக் கடைகளில் கையுறையும் குளிராடையும் வாங்கி வைத்திருந்தது. மொத்தப் பந்தயத்தில் முன்னணியில் இருப்பவர் அணியும் தலைமைச் சட்டை அன்று அவருக்கு வந்தது, அந்த ஆண்டின் ஜிரோவையும் அவரே வென்றார். பந்தயத்துக்காகவே உடம்பைத் தயார் செய்தவர்களின் கதி இது. கோவையில் ஏசி அறையில் வேலை பார்த்துவிட்டு ஞாயிற்றுக்கிழமை மட்டும் சைக்கிள் எடுக்கிறவரை யோசித்துப் பாருங்கள்.

உடலின் உள்வெப்பம் 35 டிகிரி செல்சியஸுக்கு, அதாவது 95 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்குக் கீழே போவதை ஹைப்போதெர்மியா என்கிறோம். வீட்டில் காய்ச்சல் பார்க்கும் தெர்மாமீட்டர் அந்த எல்லைக்குக் கீழே நம்பும்படி காட்டாது. நெற்றியில் காட்டும் துப்பாக்கியும் குளிர்ந்த தோலைத்தான் அளக்கும். அதனால் கருவியை நம்பாமல் ஆளைப் பாருங்கள். முதலில் விரல்கள் தடுமாறும்: ஜிப் போட வராது, ஹெல்மெட் கொக்கி மாட்ட வராது. பிறகு பேச்சு குழறும், பதில் தாமதமாகும், காரணமில்லாமல் எரிந்து விழுவார், அல்லது திடீரென்று மௌனமாகிவிடுவார். கடுமையாக நடுங்கிக்கொண்டிருந்தவர் சூடு ஏறாமலேயே நடுக்கத்தை நிறுத்தினால் அது தேறியதற்கு அடையாளம் அல்ல, உடம்பு கைவிட ஆரம்பித்துவிட்டது என்று அர்த்தம். உடனே மருத்துவமனைக்குக் கொண்டு போக வேண்டும்.

இதில் ஒரு கொடுமை, குளிர் யோசிக்கும் திறனையும் சேர்த்தே கெடுத்துவிடும். "நான் நல்லாத்தான் இருக்கேன்" என்று அவர் பொய் சொல்வதில்லை, நிஜமாகவே அப்படி நினைக்கிறார். அதனால் முடிவெடுக்கும் பொறுப்பு பக்கத்தில் இருப்பவருக்கு.

நான் செய்யும் சோதனை ஒன்றுதான். கட்டைவிரல் நுனியால் அதே கையின் சுண்டுவிரல் நுனியைத் தொடச் சொல்வேன். தொட முடியாதவர் பிரேக் பிடிக்க முடியாதவர். குன்னூரிலிருந்து மேட்டுப்பாளையம் வரை 14 கொண்டை ஊசி வளைவுகள் இருக்கின்றன, எதிரே பேருந்து ஏறி வரும். ஊட்டியிலிருந்து மசினகுடிக்கு இறங்கும் கல்லட்டிப் பாதை என்றால் 36. நான் கட்டுப் போட்டு அனுப்பிய பல விழுதல்களுக்கு, 'பிரேக் அழுத்தினேன், கையில் பலமே இல்லை' என்பதுதான் பின்கதை. மழையில், சக்கர வளையத்தை அழுத்திப் பிடிக்கும் ரிம் பிரேக் வேறு சட்டென்று பிடிக்காது.

அன்றைக்கு அந்தத் தம்பியால் இரண்டு கையிலும் சுண்டுவிரலைத் தொட முடியவில்லை. வண்டிக்குள் உட்காரவைத்து, கண்ணாடியை ஏற்றி, நனைந்த ஜெர்சியையும் சாக்ஸையும் கழற்றினோம். உலர்ந்த பனியன், ஸ்வெட்டர், தலைக்குக் குல்லா, மேலே கம்பளி. தெளிவாக முழுங்குகிறார் என்று பார்த்துக்கொண்டபின் நிறையச் சர்க்கரை போட்ட சூடான டீ, இரண்டு வர்க்கி. சுடுநீர் பாட்டிலைத் துணியில் சுற்றி அக்குளில் வைத்தோம். நண்பர் அவர் கையைத் தேய்த்துவிட வந்தார், தடுத்துவிட்டேன். முதலில் மார்பும் வயிறும்தான் சூடாக வேண்டும். மரத்துப்போன கையைத் தேய்த்தாலும், நெருப்பில் காட்டினாலும், கொதிநீரில் விட்டாலும் தோல்தான் புண்ணாகும். சர்க்கரை நோயாளிக்குச் சுட்டது கூடத் தெரியாது. யாரோ "ஒரு மூடி பிராந்தி குடுத்தா சரியாயிடும்" என்றார்கள். கொடுக்கவே கூடாது. மது தோலின் ரத்தக்குழாய்களை விரித்து, உள்ளே மிச்சமிருக்கும் சூட்டையும் வெளியே விட்டுவிடும். முகம் சூடாவது போல் தோன்றுவது அதனால்தான்.

அரை மணி நேரம் கழித்து, "என் சைக்கிள் எங்கீங்க?" என்று கேட்டார். கோத்தகிரி தாண்டி வந்த சாலையில் கடைசிப் பகுதி அவருக்கு ஞாபகமே இல்லை. அவர் வண்டியில்தான் இறங்கினார்.

தயாரிப்பு என்று பார்த்தால் செலவு குறைவு. ஒரு உலர்ந்த பனியன், உலர்ந்த சாக்ஸ், காற்று புகாத விண்ட்சீட்டர், முழு விரல் கையுறை: இவற்றை பிளாஸ்டிக் உறையில் கட்டி மேலே போகும் வண்டியில் கொடுத்துவிடுங்கள். மேலே வந்ததும் போட்டோவுக்கு முன்னால் பனியனை மாற்றுங்கள். ஒன்றுமே இல்லையென்றால் டீக்கடையில் பழைய செய்தித்தாள் வாங்கி ஜெர்சிக்குள் நெஞ்சில் விரித்துக்கொள்ளுங்கள், காற்றைத் தடுப்பதில் அது நன்றாகவே உதவும். குளிரில் தாகம் தெரியாது, தெரியாவிட்டாலும் குடிக்க வேண்டும். வெறும் வயிற்றில் ஏறியவருக்கு நடுங்கிச் சூடேற்றவும் எரிபொருள் இருக்காது. ஆஸ்துமா உள்ளவர்கள் இன்ஹேலரைப் பையில் அல்ல, ஜெர்சி பாக்கெட்டில் வையுங்கள். நாற்பது தாண்டியவர்களும் ரத்த அழுத்தம் உள்ளவர்களும் முன்கூட்டியே இதயப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். குளிரில் ரத்தக்குழாய் சுருங்கும், அழுத்தம் ஏறும்.

சைக்கிளோடு சம்பந்தமில்லாத ஒன்றையும் சொல்லியே ஆக வேண்டும். முந்தைய இரவு மேலே தங்குகிறவர்கள், அறைக்குள் கரி அடுப்பு வைத்துக் கதவை மூடிக்கொண்டு தூங்காதீர்கள். கரி எரியும்போது வரும் கார்பன் மோனாக்சைடு என்ற நச்சு வாயுவுக்கு மணம் கிடையாது. ஊட்டியிலும் கொடைக்கானலிலும் இப்படித் தூங்கியவர்கள் காலையில் எழுந்திருக்கவில்லை என்ற செய்தி திரும்பத் திரும்ப வருகிறது, ஒவ்வொரு முறையும் எனக்கு மனசு ஆறுவதில்லை.

பயணத்தை நடத்துகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். உச்சியில் டீயோடு நிறுத்தாதீர்கள். காற்று படாத ஒரு இடமும், நாலைந்து கம்பளியும், காலியான ஒரு வண்டியும் இருக்கட்டும். இறக்கம் தொடங்கும் இடத்தில் ஒருவர் நின்று எல்லோரிடமும் அந்தச் சுண்டுவிரல் சோதனையைச் செய்யச் சொல்லட்டும். தொட முடியாதவருக்குச் சூடு ஏறும்வரை சைக்கிளைக் கொடுக்காதீர்கள். வண்டியில் இறங்குகிறவருக்கும் மெடலைக் கொடுத்துவிடுங்கள். அது கிடைக்காதே என்ற கூச்சத்தில் நடுங்கிக்கொண்டே சைக்கிளில் ஏறியவர்களை நான் பார்த்திருக்கிறேன்.